பத்தாம் வகுப்புப் பாடத் தெரிவும் தீவகப் பெற்றாரும்

பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடித்துப் பத்துக்கு ஏறுகின்ற காலத்தில், என்ன பாடம் எடுப்பது என்ற கேள்வி வீட்டிலே எழுகின்றது. அநேக வீடுகளில் ஐந்து நிமிடத்தில் அதற்கு விடையும் கிடைத்துவிடுகின்றது. "அண்ணன் எடுத்ததையே எடு, புத்தகம் கிடக்குது" என்று தாயார் சொல்லுவார்; அல்லது "என்ரை சிநேகிதர் எடுக்கிறதைத்தான் நானும் எடுக்கப்போறன்" என்று பிள்ளை சொல்லும். ஒரு சோடி சப்பாத்து வாங்க யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் அரைநாள் அலைகின்ற நாம், இதற்கு ஒரு மாலைப் பொழுதையாவது ஒதுக்கலாம்.

க.பொ.த. சாதாரண தரத்தில் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி பாடங்கள் ஒன்பது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயமானவை. மிகுதி மூன்றுமே நம் தெரிவுக்கு உரியவை. மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலாவதில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழிச் சிங்களம் முதலியன உண்டு. இரண்டாவதில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம், இலக்கிய நயம் போன்றவை. மூன்றாவது தொழினுட்பத் தொகுதி. தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகியவற்றோடு, நீருயிரின வளத் தொழினுட்பம் என்ற பாடமும் அங்கே இருக்கின்றது.

இம்மூன்று தெரிவுகளும் பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை. உயர்தரத்தின் வாயிலில் நின்று கேள்வி கேட்பவை தாய்மொழியும் கணிதமுமே. அவை உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றிலேனும் திறமைச் சித்தியும் வேண்டும். விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நாடுவோர் அவ்வப் பாடங்களில் இன்னும் மேலாகச் செய்திருக்க வேண்டும். சித்திரமா சங்கீதமா என்று இரண்டு கிழமை வழக்காடும் குடும்பம், பிள்ளை கணிதத்தில் எடுத்த இருபத்தெட்டுப் புள்ளியைக் கவனிக்காமல் விடுவதுதான் விந்தை. தெரிவுப் பாடங்களைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடலாம். கணிதத்தை மாத்திரம் விருப்பத்துக்கு விட முடியாது.

தீவகத்துக்கென்று ஒரு தனிக் கேள்வியும் உண்டு. நீங்கள் விரும்புகின்ற பாடத்துக்கு உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருக்கின்றாரா? ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் பண்ணைப் பாலத்தால் பஸ் வருகின்றது. நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானிலிருந்து படகுதான்; கடல் கொந்தளித்தால் படகு இல்லை, படகில் வரும் ஆசிரியரும் இல்லை. ஆகவே தாளிலே பாடத்தின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், அதிபரிடம் சென்று யார் படிப்பிக்கின்றார், எத்தனை வருடமாகப் படிப்பிக்கின்றார் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதை அவமரியாதையாக நல்ல அதிபர் எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்.

இனி, நீருயிரின வளப் பாடத்துக்கு வருவோம். கடற்றொழில் செய்யும் நம் குடும்பங்களே இதைக் கேட்டதும் முகஞ் சுளிக்கின்றன. "நான் பட்ட பாடு போதும், என்ரை பிள்ளை இதைப் படிக்கவோ பள்ளிக்கூடம் போறது?" என்பது தகப்பனின் கேள்வி. இதை ஏளனஞ் செய்ய நமக்கு மனம் வராது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் பழைய சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தை ஏற்படுத்தி, அந்தந்த ஊர்த் தொழிலைப் பாடமாக்கும் தொழில் முன்னிலைக் கல்வியையும் புகுத்தியது. அதே காலத்திலேதான் 1971இன் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இன் மாவட்ட ஒதுக்கீடும் வந்து, பல்கலைக்கழக வாயிலை யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு ஒடுக்கின. மேலே ஏணியை எடுத்துவிட்டுக் கீழே வலை பின்னப் படிப்பிக்கின்றார்கள் என்று பெற்றார் ஐயுற்றதில் வியப்பில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஐயம் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

ஆயினும் இன்றைய பாடம் பிள்ளையைக் கரைவலைக்கு அனுப்பும் பாடமன்று. மீனின் உயிரியல், நீரின் தன்மை, வளர்ப்பு முறை, பிடித்த மீனைப் பழுதுபடாமற் காத்தல் முதலியன அதில் அடங்கும். இழுவைமடி முறை 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் வட கடலில் அப்பிரச்சினை ஓயவில்லை. தீவகக் கரைகளில் எழுந்துள்ள கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. ஒரு களப்பில் எத்தனை பண்ணை தாங்கும், சிறகுவலைக்காரனின் பாடு குறைந்தது எதனால் என்று அளந்து பேச நமது ஊரிலே எத்தனை பேர் இருக்கின்றார்கள்? வெளியிலிருந்து வருபவர் அறிக்கை எழுத, நாம் கையொப்பம் இடுவதே இதுவரை வழக்கம். இப்பாடத்தில் நாட்டமுள்ள பிள்ளை உயர்தரத்தில் உயிரியலோ உயிர்முறைமைத் தொழினுட்பமோ பயின்று மேலே போகலாம். உருகுணைப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கென ஒரு பீடமே உண்டு. சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு நிலையம் இருக்கின்றது. நாட்டமில்லாத பிள்ளையை மீனவன் மகன் என்பதற்காக இதற்குள் தள்ளுவதும் அதே அளவு பிழையாகும்.

உயர்தரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் அதைப் பற்றி நாம் அளவுக்கு மிஞ்சியே பேசுகின்றோம். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்களுக்குள் நம் ஆசைகள் அடங்கிவிட்டன. பல்கலைக்கழக இடங்களுள் நூற்றுக்கு நாற்பது அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கும் செல்கின்றன. 2001 முதல் இசட் புள்ளியே அளவுகோல். அந்த மாவட்டப் பங்குக்காக நெடுந்தீவுப் பிள்ளை யாழ் நகரப் பிள்ளையோடுதான் போட்டியிட வேண்டும். முடியாதென்று நாம் சொல்லவில்லை. மூன்று தரம் எழுதியும் இடம் கிடையாமல் இருபத்திரண்டு வயதில் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பிள்ளையை நினைத்தே இதைச் சொல்லுகின்றோம். 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவையும், கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் பற்றி அப்பிள்ளைக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அந்த இயந்திரங்களைத் திருத்தப் படகேறி ஒருவர் வரவேண்டுமா, ஊரிலேயே ஒருவர் இருப்பாரா?

இரண்டாம் மொழிச் சிங்களத்தையும் புறக்கணியாதீர்கள். அரச அலுவலகத்தில் படிவம் நிரப்பவும், கடலில் கடற்படையினருக்கு மறுமொழி சொல்லவும் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது சிறிய காரியமன்று.

படிவத்தில் கையொப்பம் இடுமுன் பிள்ளையின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கைகளை மேசையில் விரித்து வையுங்கள். தகப்பன் தொழிலால் வந்து களைப்பாறிய பின், தாயும் கூட இருக்க, பிள்ளையை முதலில் பேச விடுங்கள். "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனியும், பொறுத்திருங்கள். தெரிவு பொருந்தவில்லை என்று பின்னர் தெரிந்தால், பத்தாம் வகுப்பின் முதலாந் தவணை முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். பதினோராம் வகுப்பில் போய்க் கேட்டால், அதிபர் விரும்பினாலும் மாற்றுவது கடினம்.