ரூட்டர் வாங்கப் போகிறீர்களா?

பெட்டியில் ‘ஏசி 1200’ என்று போட்டிருந்தால் 1,200 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற உச்ச அளவுகளைக் கூட்டி, தோராயமாக்கிப் போட்ட எண் அது. அதைவிட முக்கியம், பின்பக்கத்து போர்ட். ‘10/100’ என்றிருந்தால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் 100-ஐத் தாண்டாது. ‘கிகாபிட் போர்ட்’தானா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் கான்கிரீட் தளம், தடித்த சுவர் குறுக்கிட்டால் சட்டென்று வலுவிழக்கும். அதனால் ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். மாடிக்கும் வைஃபை வேண்டுமா? ரிப்பீட்டரைவிட, கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே மேல்.

கேபிள் கேட் 6, முழுச் செம்பாக இருக்கட்டும். ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

சிறிய அலுவலகத்தில் பில் போடும் கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர் மூன்றையும் கேபிளில் இணையுங்கள். 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் போதும். வாடிக்கையாளர்களுக்கு ‘கெஸ்ட்’ வைஃபை மட்டும். பில் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டைத் தரவே கூடாது.

கரன்ட் போனாலும் நெட் வேண்டுமென்றால் மினி யுபிஎஸ் வாங்கலாம். ரூட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும்.