மைக் வாங்குமுன் வீட்டைக் கேளுங்கள்

பெங்களூர் அல்சூரில், தெருவைப் பார்த்த இரண்டாம் மாடி வீடு எங்களுடையது. அதன் நடு அறையில்தான் ஐந்து வருடமாகத் தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். பார்வை இல்லாதவர்கள் கேட்பதற்காகத் தொடங்கியது. இப்போது மகளின் பாட்டும் அதே அறையில்தான் பதிவாகிறது. தெரிந்தவர்கள் போன் செய்து, "விலை குறைவாக, நல்ல மைக்காக ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டால், பெயர் சொல்வதற்கு முன் அவர்கள் வீட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். அப்படிப் பேசிப் பேசிச் சேர்ந்த குறிப்புகள் இவை.

வீட்டிலிருந்து குரல் அனுப்புவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10 அன்று 'விட்டல் விகார்' என்ற தன் வீட்டிலேயே 30 வாட் கருவியை வைத்து வானொலி நடத்தத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. பின்னாளில் நாட்டின் வானொலிக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1955-இல் அந்த நிலையம் பெங்களூருக்கு வந்தது. வீட்டு அறைதானே என்று தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1. காசை எடுக்குமுன் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். எந்த அறையில், எந்த நேரத்தில் பதிவு செய்யப் போகிறீர்களோ, அங்கே போனை வைத்து ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். காலை எட்டரை மணிக்கு எங்கள் நடு அறையில் எனக்குக் கேட்டவை: ஃப்ரிட்ஜின் முனகல், கீழ் வீட்டு சம்ப் மோட்டார், திருப்பத்தில் கியர் மாற்றும் தண்ணீர் லாரி, "சொப்பு, சொப்பு" என்று கூவிப் போகும் கீரைக்காரம்மா, பக்கத்து வீட்டுக் குக்கரின் இரண்டு விசில், தலைக்கு மேல் மின்விசிறி. அத்தனை நாள் அங்கேயே உட்கார்ந்து படித்தும் இவற்றில் பாதி என் காதில் விழுந்ததே இல்லை. நம் காது வேண்டாததை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. அதே அறையை அதிகாலை ஐந்து மணிக்குப் பதிவு செய்து கேட்டபோது ஃப்ரிட்ஜ் மட்டும்தான் மிச்சம். அன்றிலிருந்து என் வாசிப்பு நேரம் ஐந்திலிருந்து ஆறேகால் வரை. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது.

2. டைனமிக்கா, கண்டென்சரா? கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. டைனமிக் மைக்கில், மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் ஒரு காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. கண்டென்சரில் அந்தச் சுருள் கிடையாது. மிக லேசான சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும்தான். அதனால் சின்ன அசைவையும் அது பிடித்துவிடும். பெரும்பாலான ஸ்டுடியோ கண்டென்சர்களுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் ஒயர் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும்.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைத் தானாகத் தடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அதை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேசலாம். அருகில் பேசுவதால் நம் குரல் ஓங்கி, தெருச்சத்தம் அமுங்கிவிடுகிறது. அதுதான் விஷயம். தெருவைப் பார்த்த வீடு, அடுக்குமாடி, சிவாஜிநகர் மாதிரிச் சந்தடியான பகுதி என்றால் தயங்காமல் டைனமிக் வாங்குங்கள். வீட்டின் உட்புறம் ஜன்னல் இல்லாத, துணிமணி நிறைந்த ஓர் அறை இருந்தால் கண்டென்சரைப் பற்றி யோசிக்கலாம். கண்டென்சர்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தில் சத்தமான வீட்டுக்கு அதை வாங்கி வருந்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

3. மைக்குக்கு முதுகு உண்டு. கார்டியாய்டு என்று பெட்டியில் போட்டிருந்தால், அது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அந்தப் பின்பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டி வையுங்கள். அப்போது ஜன்னலைப் பார்த்து உட்காருவது நீங்கள்தான். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை மைக் நேராகப் பார்க்கும். ஆகவே கனமான போர்வையைத் தொங்கவிட வேண்டியது அந்தச் சுவரில்தான். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டு, எதிரொலி போகவில்லையே என்கிறார்கள்.

4. தூரத்தை விரலால் அளங்கள். டைனமிக் என்றால் வாயிலிருந்து நாலு விரற்கடை, கண்டென்சர் என்றால் ஒரு சாண். தூரம் இரு மடங்கானால் நம் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட கெய்னை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் கீரைக்காரம்மாவின் குரலும் சேர்ந்து ஏறும். மிக நெருங்கினால் குரலில் கனம் கூடும். பெண் குரலுக்கு அது சில சமயம் அழகு, கனத்த ஆண் குரலுக்கு இரைச்சலாகிவிடும். ஒரே தூரத்தைக் கடைசிவரை காப்பாற்றுவதுதான் கடினம். நான் மைக் ஸ்டாண்டில் ஒரு நூலைக் கட்டி, பக்கம் திருப்பும்போதெல்லாம் அதன் நுனி தாடையைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

கத்தவும் வேண்டாம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. பெரிய தகரக் கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. 1925-க்குப் பிறகுதான் மைக் வைத்த இசைத்தட்டுப் பதிவு பரவியது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலிலேயே ஒரு கதையைச் சொல்லலாம் என்ற வசதியை மைக்தான் நமக்குக் கொடுத்தது.

5. எவ்வளவு செலவழிக்கலாம்? விலைகள் ஏறி இறங்கும், ஒரு உத்தேசத்துக்குச் சொல்கிறேன். ஆயிரம் ரூபாயை ஒட்டி: போயா பிஒய்-எம்1 போன்ற சட்டையில் குத்தும் மைக். ஆறு மீட்டர் ஒயர், உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்ற ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சை மாற்ற மறந்து, மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. உங்கள் போனில் டைப்-சி மட்டும் இருந்தால், அதற்கான இணைப்பானையும் கடையிலேயே சொருகிப் பதிவு செய்து பாருங்கள். எல்லா இணைப்பானும் எல்லாப் போனிலும் மைக்கை எடுப்பதில்லை.

ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை: சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். வீட்டில் வாசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். டைனமிக், கார்டியாய்டு. இன்று யூஎஸ்பி ஒயரால் நேராகக் கம்ப்யூட்டரில் சொருகலாம். நாளை மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் தனி இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கினால், அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் ஒயரால் அதில் இணைக்கலாம். முதல் செலவு வீணாகாது.

அதற்கு மேல் போவதென்றால் ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்தது, இன்றும் அதே உருவம், மேடையில் பாடும் யாரைக் கேட்டாலும் தெரியும். அதோடு ஓர் இன்டர்ஃபேஸும் வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. எல்லாம் சேர்ந்த பெட்டியைக் கண்டு மயங்காதீர்கள். என் முதல் மைக் அப்படித்தான் வந்தது. தங்க நிற வலை, மடக்கும் கை, ஸ்பாஞ்சு, வடிகட்டி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய். கண்டென்சர் என்று எழுதியிருந்தது. ஆனால் கொடுத்த ஒயரோ ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறு முனையில் போனில் சொருகும் 3.5 மில்லிமீட்டர் பின். 48 வோல்ட் கேட்கும் மைக்குக்கு லேப்டாப்பின் சின்னத் துளையிலிருந்து இரண்டு மூன்று வோல்ட்தான் கிடைக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, கூடவே 'ஷ்ஷ்' என்ற இரைச்சல். மூன்று கதைகளை முழுசாக வாசித்த பிறகுதான் அதைப் புரிந்துகொண்டேன். மூன்றையும் மறுபடி வாசித்தேன். பொருந்தாத ஒயரைப் பெட்டியில் பார்த்தாலே திருப்பி வைத்துவிடுங்கள்.

7. போலி எஸ்எம்58 ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அசல் மைக்கின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்தால், வெகுவாக லேசாக இருக்கும் போலி அங்கேயே அகப்படும்.

8. தமிழில் பேசிச் சோதியுங்கள். கடைக்காரர் "ஹலோ, செக்" என்பார். அதில் ஒன்றும் தெரியாது. நான் எழுதி வைத்திருக்கும் வாக்கியங்கள் இவை: "பாட்டி பப்பாளிப் பழத்தைப் பாதியாய்ப் பிளந்தாள்." "சந்தைக்குச் சின்னச்சாமி சீக்கிரம் சென்றான்." "மழை விழுந்த வாழையிலை வழுவழுப்பாய் இருந்தது." முதலாவதில் பகரம் காற்றாக மோதி 'டப்' என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் சகரம் காதைக் கீறுகிறதா? மூன்றாவதில் ழகரம் தெளிவாக நிற்கிறதா, லகரமாக மழுங்குகிறதா? கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கதையைப் பின்தொடர்பவருக்கு இந்த ஓர் எழுத்து வேறுபாடு பெரிய விஷயம்.

9. காகிதத்தில் உள்ள எண்களில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: மைக்கின் சொந்த இரைச்சல். ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு அது 20 டெசிபெல், ரோடு என்டி1-க்கு 4. பின்னது பிரமாதமான மைக். ஆனால் பகலில் நம் அறையின் இரைச்சலே அந்த 20-ஐத் தாண்டித்தான் இருக்கும். அந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுக்குமுன் முதல் குறிப்பை மறுபடி செய்து பாருங்கள்.

10. பகரத்தின் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை வீட்டிலேயே செய்யலாம். ஆறு அங்குல எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துப் பொருத்துங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் நிறுத்துங்கள். மைக்கைக் கொஞ்சம் சாய்த்து, மூச்சு நேராகப் படாமல் வைத்தால் இன்னும் நல்லது.

11. முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். அது வெளிச்சத்தத்தை நிறுத்தாது, தீப்பிடித்தால் ஆபத்து. நமக்குத் தேவை கனமும் மென்மையும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஜமுக்காளம், கம்பளி, துணி நிறைந்த திறந்த அலமாரி எல்லாம் உதவும். அறையில் ஸ்டீல் பீரோ இருந்தால் கதவைக் கையால் தட்டிப் பாருங்கள். அது மணிபோல் அதிரும். உரத்த சொல் ஒவ்வொன்றுக்கும் அது மெல்ல மறுமொழி சொல்லும். எங்கள் பீரோவின் கண்ணாடிமேல் ஒரு போர்வையும், கைப்பிடியில் ஒரு துண்டும் எப்போதும் இருக்கும்.

12. 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் ஓசை ஓடினால், அது நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் குற்றம் மைக்கில் இல்லை, பெரும்பாலும் எர்த்திங்கில். மூன்று பின் பிளக்கில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கும் அது நல்லது. யூபிஎஸ் ஓடும் நேரத்தில் பதிவை நிறுத்திவிடுவதே மேல்.

13. கெய்னை அளவாக வையுங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் இலவசம், தொடங்குபவர்களுக்கு அது போதும். நீங்கள் சொல்லப் போகும் உரத்த வரியைச் சொல்லி, முள் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி வையுங்கள். சிவப்பைத் தொட்டுக் கிழிந்த குரலை எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது. ஆடியோ புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளம், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அங்கே அனுப்பாவிட்டாலும் இந்த அளவை வைத்துக்கொள்ளலாம். ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள மித்ர ஜோதி போன்ற அமைப்புகளின் பேசும் புத்தக நூலகத்துக்குத் தன்னார்வலராக வாசிக்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

14. பாடுகிறவர்கள் கவனிக்க. தார ஸ்தாயிக்கு ஏறும்போது தலையை அரை சாண் பின்னுக்கு இழுக்கப் பழகுங்கள். தம்புராவைப் பக்கத்தில் ஒலிக்க விடாமல் ஹெட்போனில் கேட்டுப் பாடினால், குரல் தனியாகப் பதிவாகும். ஸ்ருதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

15. ஒயர், ஸ்டாண்ட், கனெக்டர் எல்லாம் டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோட்டில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தமிழிலேயே பேசலாம், "எஷ்டு?" என்று கன்னடத்தில் தொடங்கினால் முகம் மலரும். ஸ்டாண்டின் அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். ஒயரை வாங்குமுன் சொருகி, இரு முனைகளிலும் மெல்ல ஆட்டிக் கேளுங்கள், கரகரக்கக் கூடாது.

16. மழைக்காலத்தில் கண்டென்சரை ஸ்டாண்டிலேயே விடாதீர்கள். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தூள் வலைக்குள் போய்விடும்.

17. மைக் வந்ததும் முதலில் வீட்டுப் பெரியவரை உட்கார வையுங்கள். என் அம்மா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகுதான் எங்களோடு வந்தார். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது, பூமிக்கடியில் பாறை வெடித்தால் அடுப்படிப் பாத்திரங்கள் குலுங்கியது, யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறார் என்று பெண்கள் தெருவுக்கு ஓடி வந்தது எல்லாம் அவர் குரலில்தான் இருக்கிறது. பெரிய மைக்கைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று சட்டையில் குத்தும் மைக்கையே எடுத்தேன். பட்டுப்புடவை உரசும் சத்தம் வரும் என்பதால் நூல் புடவை கட்டச் சொன்னேன், கட்டிக்கொண்டார். வளையலைக் கழற்றச் சொன்னேன், மறுத்துவிட்டார். அம்மா வலது கையை ஆட்டித்தான் பேசுவார். அதனால் மைக்கைக் கழுத்துக்கு ஒரு சாண் கீழே, இடது தோள்பக்கம் குத்தினேன். நாற்பது நிமிடப் பேச்சு, எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே, இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் தம்பியின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.