தண்ணீர் வற்றுமுன் மீன் வளரணும்!



மதுராந்தகம் பக்கம் தாங்கலும் குட்டையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். சித்திரையில் தரை தெரியும். நம் கையில் இருப்பது ஐந்தாறு மாதம்தான். இதை மறந்து நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். மலிவா கிடைக்குதேன்னு பொடிக்குஞ்சு வாங்கி விட்டோம். பாதியை விரால் தின்றது. வேடந்தாங்கலுக்கு வரும் நீர்க்காகமும் பங்குக்கு வந்தது. வற்றியபோது மிஞ்சியது உள்ளங்கை அளவு மீன். கடன் தவணையைக் கூலிக் காசில் கட்டினோம்.

அதில் கற்ற பாடம்:

1. முதலில் வலை இழுத்து விராலை அகற்றுவோம்.

2. 10 செ.மீ. வளர்ந்த குஞ்சுகளையே வாங்குவோம். ஏக்கருக்கு 2,000 போதும். கட்லா மேலேயும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். மூன்றையும் கலந்து விட்டால் இரை வீணாகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேகமா வளரும்னு சொல்வாங்க. அதற்குத் தடை உண்டு, வேண்டாம்.

3. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமாகக் கலந்து, தினமும் ஒரே நேரத்தில் போடணும். மிச்சம் கிடந்தால் மறுநாள் குறைக்கணும்.

4. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தண்ணீரில் பிராணவாயு குறைவு. தீனி, சாணம் இரண்டையும் நிறுத்தி, இன்ஜின் வைத்துப் புதுத் தண்ணீர் விடணும்.

5. பங்குனியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததுமே பெரிய மீனைப் பிடித்து விற்கணும். இன்னும் வளரட்டும்னு காத்திருந்தால் சூட்டில் மொத்தமும் செத்துப்போகும்.

வரவு செலவை அன்றன்றே குழுப் பதிவேட்டில் எழுதுவோம். குஞ்சுக்குப் பணம் கொடுக்கும் முன் கூட்டத்தில் ஒன்று கேட்போம்: “நம்ம குட்டையில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்?”