புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம்

குற்றாலம்

அன்புள்ள மருமகளுக்கு,

தென்காசியிலிருந்து நீ போனில் கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் கணக்கு மனதில் நிற்காது. அதனால்தான் மாமாவின் இந்தக் கடிதம். ஜேஇஇ மெயினில் கூடுதல் மார்க் எடுத்தவளுக்குக் குறைந்த பர்சென்டைல் வருமா என்று கேட்டாய். வரும். அதற்குத் தில்லுமுல்லு எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

தேசியத் தேர்வு முகமை 2019 முதல் இந்தத் தேர்வைப் பல நாட்களில், ஷிப்ட் ஷிப்டாக நடத்துகிறது. ஷிப்டுக்கு ஒரு வினாத்தாள். ஒன்று கடினமாகவும் ஒன்று சுலபமாகவும் அமைந்துவிடும். ஆகவே 300-க்கு எத்தனை என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஷிப்டில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உன் மார்க்கிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். சீசனில் மெயின் அருவிக்கு ஒரு வரிசை, ஐந்தருவிக்கு ஒரு வரிசை. உன் இடம் நீ நிற்கும் வரிசையில்தான். ஒரு பேச்சுக்கு, ஷிப்டுக்கு 1 லட்சம் பேர் என்று வைத்துக்கொள். நீ 150 எடுத்தாய். 98,000 பேர் அந்த மார்க்குக்குள் அடக்கம் என்றால் உனக்கு 98. சுலபமான தாள் கிடைத்த உன் தோழி 160 எடுத்தும் 97,000 பேர்தான் அதற்குள் என்றால் அவளுக்கு 97.

எல்லா ஷிப்டிலும் ஏறத்தாழ ஒரே தரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற கணக்கு இது. லட்சக்கணக்கானவர்களைக் கலைத்துப் போட்டால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே இந்தச் சூத்திரத்தின் மேல் வருகிற கோபத்தில் பாதி வீண்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. பர்சென்டைலைப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம் வரை தருகிறார்கள். 1 லட்சம் பேர் எழுதிய ஷிப்டில் ஓர் ஆளின் எடை 0.001. மூன்றாம் இலக்கத்தோடு ஆள் கணக்கு முடிந்துவிட்டது. மீதி நான்கும், எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்ற வகுத்தலில் விழுகிற மிச்சம். சமமாக நிற்பவர்களைப் பிரிக்க அவை உதவும். உன் இயற்பியலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரேங்க் மட்டும் அதை வைத்து மாறும்!

நம் ஊர் ஏற்பாட்டிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. 1984-ல் வந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க்கை வைத்தே தொழிற்கல்விக்குச் சேர்க்கத் தமிழக அரசு 2006-ல் சட்டம் போட்டது. வேறு போர்டு பிள்ளைகளை எப்படி ஒப்பிடுவது? அந்தப் போர்டின் முதல் மார்க் 90 என்றால் அதை மாநிலப் பாடத்திட்டத்தின் 100-க்குச் சமமாக்கு. 60 எடுத்தவருக்கு 66.66 கொடு என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. யாரோ ஒரே ஒரு பிள்ளை 90-க்குப் பதில் 100 எடுத்திருந்தால் அந்த 60 அப்படியே 60. முகம் தெரியாத முதல் மாணவர் ஒருவர் மற்ற எல்லாரையும் ஏற்றவோ இறக்கவோ முடியும். பர்சென்டைலை விட இது முரட்டுத்தனம் என்பது மாமாவின் கட்சி.

நீட் 2024 கதை இன்னும் விசித்திரம். ஒரே நாள், ஒரே ஷிப்ட்; சமன்படுத்தலுக்கே வேலையில்லை. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. முழு மார்க் 720. ஒரு கேள்வியை விட்டால் 716, தவறினால் 715. ஆனால் பட்டியலில் 718, 719 வந்தன! சில மையங்களில் நேரம் வீணானதால் 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டிருந்தார்கள். அந்தச் சூத்திரம் 2018-ல், சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட் பற்றிய வழக்கில் வந்தது. ஆனால் அன்றைய கிளாட் கணினித் தேர்வு, நீட் ஓஎம்ஆர் தாள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், கருணை மார்க் ரத்தாகி, ஜூன் 23 மறுதேர்வை 813 பேர் எழுதினார்கள்.

அதோடு முடியவில்லை. அணு பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்குப் பழைய என்சிஇஆர்டி புத்தகப்படி ஒரு விடை, புதியதன்படி ஒரு விடை. இரண்டையும் முகமை ஏற்றிருந்தது. ஐஐடி டெல்லி வல்லுநர்கள் ஒன்றுதான் சரி என்றார்கள். மற்றதைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 மார்க் போயிற்று. கருணை மார்க் ரத்தும் இதுவும் சேர்ந்து, 67 ஆக இருந்த முழு மார்க்காரர்கள் 17 ஆனார்கள்.

ஆகவே, தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும் நாளைத் தவறவிடாதே. அது தவறு என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆதாரமாகப் பாடப்புத்தகப் பக்கத்தைக் கையோடு வைத்துக்கொள். அது புதிய பதிப்பா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள். அக்காவிடம் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா