டைமிங் செயினைத் தேய்ப்பது கடுகண்ணாவை ஏற்றமா?

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் புதிய கார் பலருக்கு எட்டாத விலைதான். கண்டியில் இருபது வயதுக் கார்கள் இன்னும் குடும்பங்களைச் சுமக்கின்றன. அவற்றைப் பற்றி கராஜ் வாசலில் உலவும் சில கதைகள் பணத்தையும் எஞ்சினையும் சேர்த்தே தின்கின்றன.

நம்பிக்கை: செயின் என்றால் ஆயுளுக்கும் கைவைக்கத் தேவையில்லை.

110 கொரோலாவின் 5ஏ எஞ்சினில் டைமிங் பெல்ட். 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். அடுத்து வந்த 121இன் 1என்இஸட் எஞ்சினில் செயின். மாற்றுவதற்குக் கெடு இல்லாததால், அது தேயவே தேயாது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசிகள் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்தாலும் முழுச் செயினும் நீண்டுவிடும். அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ளுவது ஒயில் அழுத்தம். டென்ஷனர் எட்டும் எல்லையையும் தாண்டி நீண்டால் செயின் பல் தாவும்; பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும்.

நம்பிக்கை: கடுகண்ணாவை ஏற்றம் செயினை இழுத்துவிடும், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் செயின் பிழைக்கும்.

இதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. செயின் சுற்றுவது கேம் ஷாஃப்டை, சில்லுகளை அல்ல. அதன் பாரம் பெரும்பாலும் வால்வு ஸ்பிரிங்குகளை அமுக்கும் பாரம்தான், மலை ஏறினாலும் அது பெரிதாக மாறாது. நியூட்ரலில் இறங்கினால் மொத்தச் சுமையும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, பிடி விட்டுப்போகலாம். தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.

உண்மையில் செயினைத் தேய்ப்பது அழுக்கு ஒயில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலும் கெட்டம்பேயிலும் வரிசையில் நிற்கும்போது மீற்றர் நகர்வதில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடசாலைக்கும் சந்தைக்குமான குறுகிய ஓட்டத்தில் ஒயில் முழுதாகச் சூடேறாமல், பெற்றோலும் ஈரமும் அதிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே கிலோமீற்றரோடு மாதத்தையும் எண்ணுங்கள். நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதில் ஒயிலை மாற்றுவது நல்லது.

செயினில் சத்தம் வந்த பின் தடித்த ஒயில் ஊற்றினால் சரியாகும் என்பதும் தவறு. குளிர்ந்த காலையில் தடித்த ஒயில் டென்ஷனருக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். அந்த நொடிகளில்தான் செயின் அடிவாங்குகிறது.

நம்பிக்கை: காலையில் கரகரவென்றால் செயின் போய்விட்டது.

போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடி மட்டும் எழுந்து அடங்கும் சத்தம், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி கியருடையதாகவும் இருக்கலாம். வோட்டர் பம்ப் பெயாரிங்கும் ஏமாற்றும். ஸ்கேனரில் பி0016 என்ற கோட் வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஆனால் அழுக்கடைந்த ஒயில் கன்ட்ரோல் வால்வும் அதே கோட்டைத் தரக்கூடும். அதைச் சுத்தம் செய்து பார்த்த பிறகு, டெப்பட் கவரைக் கழற்றித் தளர்வைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய செயினை இழுத்துப் பிடித்து, குறிப்பிட்ட கண்ணிகளின் நீளத்தை அளந்து, மெனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடலாம். காதை மட்டும் நம்பி முன்கவரைப் பிரிக்க வேண்டாம்.

செயினை மட்டும் மாற்றினால் போதும் என்று பாஸ் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய செயினோடு தேய்ந்த பற்கள் புதியதையும் தின்னும். கைட், டென்ஷனர், கியர்கள், கிராங்க் ஒயில் சீல் எல்லாம் சேர்ந்த வேலை அது. ரிகண்டிஷன் எஞ்சினில் கழற்றிய செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்காமல் வாங்காதீர்கள்.

பூட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், கிராங்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இடித்து நின்றால் வலிந்து சுற்றக் கூடாது. இரண்டு சுற்றுக்குப் பின் கியர்களின் குறிகள் பழைய இடத்துக்கு வரும். செயினின் நிறக் கண்ணிகள் நகர்ந்திருக்கும். அதைக் கண்டு பிழை என்று மீண்டும் பிரிக்க வேண்டாம். நிறக் கண்ணிகள் பூட்டும்போது பார்ப்பதற்கு மட்டுமே.