சாரத் வண்டிக்குப் பெட்டி கட்டலாமா?

அகளி

அன்புள்ள கவின்,

போன வாரம் இங்கே வந்தபோது நீ கேட்ட கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை. டி-72 டாங்கியில் கட்டுகிற வெடிகவசப் பெட்டியை, காலாட்படையைச் சுமக்கிற சாரத் வண்டியிலும் கட்டினால் என்ன? எடை கூடும் என்பதுதான் தடை என்று டி.வி.யிலும் சொல்கிறார்கள், கேட்டாலே எரிச்சல் வருகிறது. எடை பிறகு. முதலில் பின்தகட்டைப் பார்.

பெட்டி என்றால் இரண்டு தகடு, நடுவில் வெடிமருந்து. அது வெடித்ததும் முன்தகடு வெளியே பறக்கும்; பின்தகடு வண்டியை நோக்கிப் பாயும். டாங்கியின் முகப்பு அதைத் தாங்கும். மேதக்கில் செய்யும் சாரத்தின் பக்கச் சுவர் 2 செ.மீ. கனம்கூட இல்லை. சுவர் உள்வாங்கும், வெல்டிங் விடும். பின்னறைச் சிப்பாய்கள் முதுகோடு முதுகாக, அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கால் இடிக்கிற நெருக்கம்.

அடுத்தது சாய்வு. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. 1967 போருக்குப் பின் இஸ்ரேலில் ஆராய்ந்த ஜெர்மானியர் மான்ஃப்ரெட் ஹெல்டின் கட்டுரைகளை ஆவடியில் வேலை பார்த்த நாட்களில் தேடித்தேடிப் படித்தேன். 1982 லெபனான் போரில் இஸ்ரேல் டாங்கிகள் அணிந்திருந்த பிளேசர் வெடிகவசம் அவர் யோசனையின் பிள்ளை. எதிரியின் குண்டு வெடித்துப் பீய்ச்சும் செப்புத் தாரை பெட்டிக்கு நேர்க்குத்தாக வந்தால், தகடுகள் தாரை போகும் கோட்டிலேயே நகரும். முதலில் விழுந்த ஓட்டை வழியாகவே தாரை போய்விடும். சாய்ந்து வந்தால்தான் தகடு குறுக்கே ஓடும், புதுப்புது உலோகம் தாரையின் வழியில் வந்து அதைக் கண்டதுண்டமாக்கும். டி-72இன் முகப்பு செங்குத்திலிருந்து 68 பாகை சாய்ந்தது. சாரத்தின் பக்கம் ஏறக்குறைய செங்குத்து. பெட்டியைச் சட்டம் போட்டுச் சாய்த்து மாட்ட வேண்டும். பின்தகட்டின் அடியைத் தணிக்க இடைவெளியும் விட வேண்டும். வண்டியின் அகலம் எங்கே போய் நிற்கும்?

இப்போது எடை. சாரத் 14 டன் சொச்சம். ஆற்றை நீந்திக் கடக்கிற வண்டி. ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் கொஞ்சம் அமிழும். அமெரிக்கரும் தங்கள் காலாட்படை வண்டியான பிராட்லியில் பெட்டி மாட்டுவதைச் சும்மா செய்துவிடவில்லை. 1988இல் வந்த ஏ2 வகையில் எஃகுத் தகடு கூட்டி, எஞ்சினை 500இலிருந்து 600 குதிரைத்திறனாக்கினார்கள். பெட்டி மாட்ட வழி செய்ததும் அந்த வகையில்தான்.

வண்டியோடு நடந்து வரும் காலாட்படையை மறந்துவிடாதே. பறக்கிற முன்தகட்டுக்கு நம்மவன், எதிரி தெரியாது.

வெடி தள்ளும் தகட்டின் வேகத்தைத் தருகிற கர்னி சமன்பாட்டை எடுத்துக்கொள். 3 மி.மீ. தகடு இரண்டு, நடுவில் மருந்து. பின்தகட்டின் வேகத்தைக் கணக்கிட்டு எழுது. அந்த எண் கைக்கு வந்தபிறகு சுவரின் கனத்தைப் பேசுவோம்.

அன்புடன்,
மாமா