வழக்கு வேறு, வன்மம் வேறு

கேள்வி: அண்ணன் என் பங்கு நிலத்தையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க" என்கிறார் பாஸ்டர். கேஸை வாபஸ் வாங்கணுமா?

பதில்: வேண்டாம். மன்னிப்புக்கு வழக்கு தடையில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய 10, 6 வயது மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. மனைவி கிளாடிஸ் மன்னித்தார். தண்டனையைச் சட்டத்திடம் விட்டுவிட்டார். மகளோடு இந்தியாவிலேயே தங்கி, 2004 வரை பாரிபடா தொழுநோயாளர் இல்லப் பணியைத் தொடர்ந்தார். நமக்கெல்லாம் அந்த மனசு ஒரே ராத்திரியில் வராது, ஒப்புக்கொள்கிறேன். கேஸ் அதுபாட்டுக்கு நடக்கட்டும். அண்ணன் வீட்டு ஞானஸ்நானத்துக்கு அழைப்பு வந்தால் போய்வாருங்கள். பிரியாணி தொண்டையில் இறங்காவிட்டால், ஒரு வாய் பாயசமாவது குடியுங்கள்.